கருந்தேளுக்குள் இரண்டு மணி நேரம்

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒருவர் முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழந்தை இல்லை. நாற்பது வயதிருக்கும் ஆள். கழுத்தில் நுழைவு அட்டை, கையில் பாப்கார்ன் டப்பா. கீழே மனைவி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இன்னும் கிட்டப் போங்க, இன்னும் கிட்ட" என்று சொல்லச் சொல்ல, அந்த ஆள் புகைப்பட மேடையில் ஏறி வந்து, ஏகாம்பரத்தின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உதட்டைக் குவித்துக் கண்ணாடியில் அழுத்திவிட்டு இறங்கிப் போனார். இப்போது அங்கே உதட்டின் வடிவத்தில் வெண்ணெய் இருந்தது. அதன் வழியாகத்தான் அடுத்த இரண்டு மணி நேரமும் உலகத்தைப் பார்த்தாக வேண்டும். துடைக்க முடியாது, அது வெளியே, அவர் உள்ளே. உள்பக்கத்தில் அவருடைய மூச்சு படிந்து, சொட்டாகி, ஒழுகி முழங்காலில் விழுந்தது. தன் மூச்சே திரும்பித் தன் மேல் சொட்டுவதைப்போல ஓர் அருவருப்பு வேறு கிடையாது என்று நினைத்தார். பிறகு, கிடையாதா என்ன, நிறைய இருக்கிறது என்றும் நினைத்தார்.

மணி இரண்டு பத்து. சென்னையில் ஒரு பெரிய கண்காட்சிக் கூடம். வீடியோ கேம்களுக்கான மூன்று நாள் திருவிழா. அதில் கடைசி நாள். ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தது 'சிவப்புப் பாழ்' என்ற கேமில் வரும் 'கருந்தேள்' என்ற போர் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில். கேமில் அது செவ்வாய் கிரகத்தில் நடந்து திரிந்து எல்லாவற்றையும் கொளுத்தும். இங்கே அது பிளைவுட்டும் ஃபைபரும் இரும்புக் குழாயும் சேர்த்து இரண்டு மாடி உயரத்துக்குச் செய்து நிறுத்திய பொம்மை. ஆறு கால். முதுகிலிருந்து வளைந்து முன்னால் வரும் கொடுக்கு மாதிரி ஒரு பீரங்கி. முகத்தில் கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள், ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த கறுப்பு உடுப்பும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், பதினேழு வருஷம் ராணுவ டேங்க்கில் இருந்த ஏகாம்பரம். கேம் கம்பெனிக்காரர்கள் செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போன் செய்து "டேங்க்ல இருந்த ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டபோது சூப்பர்வைசர் அங்கே காவலாளியாக இருந்த இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டார். முதல் இரண்டு நாளும் சும்மா உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டியதோடு சரி. இன்று நான்கு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. தொகுப்பாளர் கேமராவோடு முன்னால் வந்து, இந்த வண்டி நிஜத்தில் சாத்தியமா, ஓட்டுநர் பத்திரமாக இருப்பாரா என்று கேட்பார். நிஜ டேங்க்கில் இருந்த நிஜ மனிதர் உள்ளேயிருந்து இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். "ஹேட்ச் கிளியர்." ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடிக்குத் தடை ஏதும் இல்லை என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையை ஏகாம்பரம் ஒரு முறை பொய்யாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒருவன் செத்த மறுவாரம். அதையே இன்னொரு முறை சொல்ல வாய் வருமா என்ற கேள்விதான் மதியம் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தோடு சேர்ந்து கீழே இறங்காமல் நின்றது.

"இன்னா சார், உள்ள உயிரோட இருக்கியா?" என்று காதில் மேனகாவின் குரல் கேட்டது. எதிரே கறுப்புத் துணி போர்த்திய மேசையில் உட்கார்ந்து, விளக்கு, புகை, பீரங்கி மோட்டார் மூன்றையும் இயக்குகிறவள் அவள். வியாசர்பாடிக்காரி, கல்யாண மண்டபங்களில் லைட் போட்டுப் போட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததாக முதல் நாளே சொல்லியிருந்தாள். தலைக்கவசத்துக்குள் இருந்த மைக்கிலும் ஸ்பீக்கரிலும் அவளும் அவரும் பேசிக்கொள்வது வேறு யாருக்கும் கேட்காது. அவள் ஒரு பட்டனைத் தட்டினால்தான் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். "இருக்கேம்மா." "அந்த ஆளு முத்தா குடுத்தானே, திருப்பிக் குடுத்தியா?" "துடைக்க யாரையாவது அனுப்பு." "அனுப்புறேன். உனக்கு மட்டுந்தான் குடுத்தான்னு நினைச்சுக்காதே சார். அந்தாண்ட ஸ்டால்ல ரோபோவுக்கும் குடுத்துட்டுத்தான் வந்தான்." அவள் சிரித்தது சின்ன ஸ்பீக்கரில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் வந்தது. டேங்க்கிலும் இப்படித்தான். சுடுகிறவன் மேலே கோபுரத்தில், ஓட்டுகிறவன் முன்னால் கீழே தனி அறையில். ஒரே வண்டிக்குள் பத்து மணி நேரம் இருந்தாலும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க முடியாது. காதில் குரல் மட்டும் வரும். வேதமாணிக்கத்தின் குரல் மட்டும். அந்தப் பெயர் வந்ததும் ஏகாம்பரத்தின் புத்தி, சூட்டில் கை பட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கருந்தேளின் கால்களில் போய் விழுந்தது.

ஆறு காலில் எதற்காக நடக்க வேண்டும்? இதை அவர் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது டன் எடையை ஆறு முனையில் நிறுத்தினால் ஒவ்வொரு முனைக்கும் ஆறரை டன்னுக்குக் குறையாது. அந்த முனையையும் பெண்கள் போடும் உயர்ந்த செருப்பின் குதிகால் மாதிரிக் கூராகச் சீவியிருக்கிறார்கள். மணலில் வைத்த முதல் நொடியில் முழங்கால்வரை இறங்கும். அப்புறம் அது வண்டி இல்லை, நட்டு வைத்த கம்பம். அகலமான இரும்புச் சங்கிலியைத் தானே விரித்துத் தானே அதன் மேல் போகிற நிஜ டேங்க்கே பாலைவனத்தில் மாதத்துக்கு இரண்டு தடவை புதைந்து, தோண்டித் தோண்டி உள்ளங்கை கொப்புளித்தவர் அவர். ஒரு காலுக்கு மூன்று மூட்டு, ஆறு காலுக்குப் பதினெட்டு மூட்டு. அவரால் தன்னுடைய இரண்டு முழங்காலையே பராமரிக்க முடியவில்லை. பதினெட்டுக்கும் யார் கிரீஸ் அடிப்பது, எந்த வழியாக? உடம்பெல்லாம் வழவழவென்று இருக்கிறது. ஒரு போல்ட் கிடையாது, ஒரு கொக்கி கிடையாது, ஒரு மண்வெட்டி மாட்ட இடம் கிடையாது. நிஜ டேங்க் என்றால் வீடு காலி செய்துகொண்டு போகிறவர்களின் லாரி மாதிரி இருக்கும். வாளி, கயிறு, தார்ப்பாய், கரி பிடித்த டீக் கெட்டில், காயப்போட்ட பனியன். இதில் தண்ணீர் பாட்டில் வைக்கக்கூட வழியில்லாமல் அவர் அதைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மாடி உயரம். எதிரி தேடவே வேண்டாம். அதுவும் போதாதென்று உடம்பைச் சுற்றி நீல விளக்கு, சாராயக்கடை போர்டு மாதிரி. நான் இங்கே இருக்கிறேன், வந்து அடி என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்குமாம். பீரங்கிக் குழல் ஒரு ஆள் நுழைகிற அளவு. அதற்கான குண்டு எங்கே? எத்தனை? இவர் இருக்கைக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார். வெற்று டப்பா. உள்ளே யாரோ தச்சர் விட்டுப்போன வெற்றிலைச் சாற்றின் காய்ந்த கறை. சீ.

இதையெல்லாம் அவர் வடிவமைப்பாளர் நிரஞ்சனிடம் சொல்லித்தான் பார்த்தார். இருபத்தெட்டு வயது, தாடி, காதில் சின்ன வளையம், பேசும்போது கையால் காற்றில் கோடு இழுக்கிற பழக்கம். "அங்கிள், அது செவ்வாய். அங்க ஈர்ப்பு கம்மி." "ஈர்ப்பு கம்மி சரி. மணல் இருக்கில்ல?" "இருக்கு." "அப்ப புதையும்." "அங்கிள், யாரும் புதையுதான்னு பார்க்க மாட்டாங்க. பார்த்த அரை செகண்டுல வாயைப் பொளக்கணும். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் வரைஞ்சேன்." சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டாரா என்று கேட்டு, தானே போய் மோர் வாங்கி வந்து கொடுத்தான். கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் குமட்டியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். முதல் சந்திப்பிலேயே அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நிஜமா நீங்க உள்ள என்ன பேசிக்குவீங்க அங்கிள்? ஒரிஜினலா ஒண்ணு வேணும்" என்று கேட்டான். டேங்க்குக்குள் பேசுகிற பேச்சில் பாதி அச்சில் ஏறாது. மீதியில் பாதி இந்தி. நூறு வார்த்தை இருந்தது. வாய் 'ஹேட்ச் கிளியர்' என்பதைத்தான் கொடுத்தது. பீரங்கியை இறக்குவதற்கு முன்னால் மேலே இருப்பவன் "ஹேட்ச்?" என்று கேட்க வேண்டும், கீழே இருப்பவன் "கிளியர்" என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் குழலைத் தொட வேண்டும் என்று இவரே விளக்கமும் சொன்னார். குழல் ரொம்பத் தாழ்ந்தால் ஓட்டுநரின் மூடி எழும்பாது, அதனால்தான். பல்லில் மாட்டிய நாரை நாக்கு தானாகத் தேடிப் போகிற மாதிரி அவர் அதைத் தேடிப் போயிருக்கிறார். நிரஞ்சனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்றே வாரத்தில் டீ-ஷர்ட்டில் அடித்துவிட்டார்கள். கீழே கூட்டத்தில் நெஞ்சு நெஞ்சாக அதுதான் நகர்ந்துகொண்டிருந்தது: ஹேட்ச் கிளியர், ஹேட்ச் கிளியர். தொப்பைக்கு மேல் இழுபட்டு, வியர்வையில் ஒட்டி, ஐஸ்கிரீம் சொட்டி.

ஒரு பெண் ஈரத்துணியோடு மேடையில் ஏறி வெண்ணெயைத் துடைத்தாள். துடைத்ததில் உதடு அழிந்து கண்ணாடி முழுக்கப் பரவியது. முன்னால் அது ஒரு முத்தம். இப்போது எல்லாமே எண்ணெய். விளக்குகள் அதில் இழுபட்டு வால் வால்களாகத் தெரிந்தன. ஏகாம்பரம் கண்ணை மூடினார். மூடினால் வாசனை வரும். ஃபைபர் ஒட்டும் பசையின் வாசனை. கொஞ்சம் அழுகின பழம், கொஞ்சம் மண்ணெண்ணெய். இவருக்கு முன்னால் முதல் ஷிஃப்டில் இந்த உடுப்பைப் போட்டிருந்தவனின் வியர்வை ஸ்பாஞ்சில் ஊறி, இவர் உடம்புச் சூட்டில் மறுபடியும் கசிந்து, இன்னொருவனுடைய அக்குளுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. டேங்க்கும் நாறும். டீசல், ரப்பர், சுட்ட மருந்து, நாலு நாள் குளிக்காத மூன்று ஆண்கள். ஆனால் அது தன் நாற்றம். வேதமாணிக்கம் சொல்வான்: "லேய் ஏகா, நீ மேல இருந்து விடுத காத்து எல்லாம் எனக்க தலைக்கில்லா வருது. சவத்த, ஒரு மூடி போடுலே." நாகர்கோவில் பக்கம் அவனுக்கு. எதற்கெடுத்தாலும் சவம். சோறு சரியில்லை என்றால் சவம், லீவு கிடைக்கவில்லை என்றால் சவம், கடிதம் வந்தால் சந்தோஷத்தில் "சவம் வந்துட்டுடே" என்பான். ஒரு காரியம் சொன்னால் பத்து நிமிஷம் முனகாமல் செய்ய மாட்டான், ஆனால் செய்வான். அந்த முனகலுக்குப் பயந்துதான்...

கருந்தேளுக்குப் பின்பக்கம் புகைபோக்கி வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏகாம்பரம் அவசரமாகத் தனக்குள் யாரிடமோ சொன்னார். வண்டிக்குப் பின்னால் மறைந்து வரும் சிப்பாய்களின் மூஞ்சிக்கு நேராக. எதிரியின் குண்டுக்குத் தப்பியவனை நம் புகையே கொன்றுவிடும். கேமில் அவர்கள் புகைக்குள் நடந்து வருவது அழகாக இருக்கிறதாம். அழகு. இந்த அழகைக் கண்டுபிடித்தவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், புகைக்குள் இருந்திருக்க வேண்டும். புகை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கறுப்பாக இருக்காது, முதலில் மஞ்சளாக இருக்கும். வயர் உறை உருகும்போது மஞ்சள். இனிப்பாக ஒரு நெடி. அதற்கப்புறம்தான் கறுப்பு. ஏகாம்பரம் கண்ணைத் திறந்துகொண்டார்.

"சார், மூணு மணி ஆச்சு, ஒரு தபா டெஸ்ட் பண்ணிக்கிறேன். பீரங்கி வருது" என்றாள் மேனகா. தலைக்கு மேல் மோட்டார் உறுமியது. இதுவும் முதல் நாளே சொன்ன விஷயம். குமிழ் பின்பக்கக் கீலில் மேல்நோக்கித் திறக்கும். ஆள் ஏறி இறங்க அது ஒன்றுதான் வழி. போஸ் கொடுக்க பீரங்கியை இறக்கினால் குழல் வந்து குமிழின் உச்சியில் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும். அப்புறம் குமிழ் திறக்காது. "தம்பி, குழல் இறங்கினா கதவு திறக்காது" என்று சொன்னபோது நிரஞ்சன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நாலு நிமிஷந்தான அங்கிள்? இறக்கினாத்தான் தேள் கொட்டப் போற மாதிரி இருக்கு. தூக்கினா கொக்கு மாதிரி ஆயிடுது" என்றான். இப்போது அந்தக் குழலின் நிழல் மெதுவாகக் கண்ணாடி மேல் வந்தது. நெற்றியில் வந்தது, மூக்கில் வந்தது, மடியில் விழுந்தது. கீழே கூட்டம் "ஓ" என்றது. ஏகாம்பரத்தின் இடது கை தானாக எழுந்து, காற்றில், இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தது. டேங்க்கில் சுடுகிறவனின் இடது கைப் பக்கம் ஒரு கைச் சக்கரம் இருக்கும். கரண்ட் போனாலும், பிரஷர் போனாலும், அதைச் சுற்றினால் குழல் மேலே போகும். எட்டுச் சுற்று. எட்டு சுற்றினால் ஓட்டுநரின் மூடிக்கு வழி கிடைக்கும். எண்ணிப் பார்த்திருக்கிறார்; அதற்குப் பிறகு, வேறு ஒரு டேங்க்கில், யாரும் இல்லாதபோது. பதினோரு செகண்ட். அவசரத்தில் சுற்றினால் ஒன்பது. "சார், கையை எதுக்கு அப்படி சுத்துறே? உள்ள கரகாட்டமா?" "ஒண்ணுமில்ல. தூக்கிடு." "இரு, ஒரு நிமிசம், புகையும் பார்த்துடறேன்." "தூக்குன்னு சொல்றேன்ல!" அவர் கத்தியது அவருக்கே கேட்டது. அப்புறம் மோட்டார் உறுமி, நிழல் மடியிலிருந்து மூக்குக்கும் மூக்கிலிருந்து நெற்றிக்கும் போய் மறைந்தது. "சாரி சார்" என்றாள் மேனகா, சிரிக்காமல்.

இனிமேல் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. புத்தி அங்கேயே போய் நின்றது. பெரிய அதிகாரி யாரோ பார்வையிட வருகிறார் என்று டேங்க்குகளை மணலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பதினான்கு டேங்க், பதினான்கு குழல், எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். எல்லா மூடியும் சாத்தி, ஓட்டுநர்கள் உள்ளே. இவர்களுடைய டேங்க் நின்ற இடம் ஒரு சின்ன மேடு. அதனால் இவர்களுடைய குழல் மட்டும் பக்கத்துக் குழலைவிட ஒரு முழம் தூக்கலாகத் தெரிந்தது. கீழே மணலில் நின்ற ஒருவர் கையைத் தட்டி, இறக்கு, இன்னும் இறக்கு என்று சைகை காட்டினார். வண்டித் தலைவர் வரவேற்பு வரிசையில் நிற்கப் போயிருந்தார். உள்ளே இரண்டே பேர். மேலே ஏகாம்பரம், கீழே வேதமாணிக்கம். "ஹேட்ச்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். சவம், வேகுதுடே, எவனோ பார்க்கதுக்கு நான் எதுக்குலே அவியணும் என்று ஆரம்பிப்பான். அந்த நேரத்தில் அதிகாரியின் ஜீப் கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. ஏகாம்பரம் கேட்கவில்லை. இறக்கினார். கீழே நின்றவர் கட்டை விரலை உயர்த்தினார். வரிசை அழகாக வந்துவிட்டது. எல்லாம் ஒரே கோடு. அதைப் பார்த்து ஏகாம்பரத்துக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறி வாந்தி வருவதுபோல் இருக்கும். இரண்டு நிமிஷம் இருக்கும். காலுக்குப் பின்னால் வயரில் ஒரு தீப்பொறி, மஞ்சள் புகை, இனிப்பு நெடி. அவர் தன் தலைக்கு மேலிருந்த மூடியைத் திறந்து வெளியே குதித்தார். யோசிக்கவே இல்லை. காதில் போட்டிருந்த ஒயர் இழுபட்டு அறுந்தது. அறுவதற்கு முன்னால் அவன் குரல் கேட்டது. "ஏகா, திறக்க மாட்டேங்குலே." சவம் என்று சொல்லவில்லை.

விசாரணையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரஷர் போனால் குழல் தானாகவே தாழும். அதனால் அது முன்னமே இறக்கப்பட்டதா, நெருப்புக்குப் பிறகு இறங்கியதா என்று இரும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் ஒருவர்தான். நீ வெளியே வரும்போது ஓட்டுநரின் மூடிக்குத் தடை இருந்ததா என்று கேட்டார்கள். நிமிர்ந்து நின்று சொன்னார். ஹேட்ச் கிளியர், சார். எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு லீவில் நாகர்கோவில் போனார். ஏன் போனார் என்று தெரியவில்லை. வேதமாணிக்கத்தின் அக்கா ஜெயசீலி, பலாச்சுளையில் பொரித்த சக்கவற்றலும் சாயாவும் வைத்தாள். "தம்பி, அவன் ரொம்பக் கஷ்டப்பட்டானா?" என்று கேட்டாள். "இல்லக்கா. மூடி திறந்துதான் இருந்துச்சு. புகையில மயங்கிட்டான். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா போதும், நீ கூட இருந்தவன்" என்றாள். சக்கவற்றல் மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. தட்டில் வைத்ததை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். ஆறு கால் புதையும் என்றும் நீல விளக்கு காட்டிக்கொடுக்கும் என்றும் மூன்று நாளாக முறையிட்டுக்கொண்டிருக்கிறாயே, நிரஞ்சன் பிளைவுட்டில் கோடு போட்டான், நீ ஒரு மனிதன் மேல் போட்டாய் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகும் நிரஞ்சன் மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒரே பையில் போட்ட இரண்டு அழுகின முட்டை மாதிரி.

மூன்று ஐம்பதுக்கு நிரஞ்சன் மேடையில் ஏறி வந்து கண்ணாடியைத் தட்டினான். நெஞ்சில் அந்த டீ-ஷர்ட். வாயை அசைத்துக் கட்டை விரலை உயர்த்தினான். அந்தக் கட்டை விரல். ஏகாம்பரம் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே, சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிடலாம், இரண்டு வார்த்தைதானே, இது பொம்மை, உள்ளே யாரும் சாகப்போவதில்லை என்று ஒரு குரல் பேசிக்கொண்டே போனது. நியாயமான குரல். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் இதே குரல்தான் இதே நிதானத்தோடு பேசியது. போனவன் திரும்பியா வரப் போகிறான், உனக்குக் குடும்பம் இருக்கிறது என்று. அந்தக் குரலை அவர் நன்றாகக் கேட்டார். குரலுக்கு முகம் இருந்தால் அதில் துப்பியிருப்பார். துப்ப இடம் இல்லை. தன் உடுப்புக்குள்தான் துப்ப வேண்டும்.

விளக்குகள் அணைந்தன. நீலம் மட்டும் எரிந்தது. புகை வந்தது, வெள்ளைப் புகை, பன்னீர் வாசனை. மோட்டார் உறுமி, குழலின் நிழல் நெற்றியிலிருந்து மடிக்கு இறங்கி நின்றது. மூடி இனித் திறக்காது. கேமராவின் சிவப்புப் புள்ளி எண்ணெய்க்குப் பின்னால் வீங்கித் தெரிந்தது. தொகுப்பாளர் என்னென்னமோ கத்தினார், பிறகு, "இப்போ நம்ம நிஜ டேங்க் ஹீரோ! சார், சொல்லுங்க, இந்தக் கருந்தேள் நிஜத்துல சாத்தியமா? உள்ள டிரைவர் சேஃபா?" காதில் மேனகா தணிந்த குரலில், "மைக் திறந்துட்டேன் சார்" என்றாள்.

"இல்ல" என்றார் ஏகாம்பரம். கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் அவர் குரல் திரும்பி வந்தது. தொகுப்பாளர் சிரித்தபடி மைக்கை இன்னும் நீட்டினார். "சேஃப் இல்ல. குழல் என் தலைக்கு மேல இருக்கு. இது திறக்காது. நெருப்புப் பிடிச்சா நான் உள்ளதான் கிடப்பேன். எனக்குத் தெரியும். ஒருத்தனை நான் அப்படி விட்டுட்டு வந்தேன். குழலை இறக்கினது நான். வரிசை அழகா இருக்கணும்னு இறக்கினேன். அவன்கிட்ட கேக்கல. எட்டுச் சுத்து சுத்தியிருந்தா வெளிய வந்திருப்பான். என் கைக்குப் பக்கத்துலதான் சக்கரம் இருந்துச்சு. நான் குதிச்சு ஓடிட்டேன். அப்புறம் ஹேட்ச் கிளியர்னு சொன்னேன். கிளியர் இல்ல. நான் சொன்னது பொய்." மூச்சு வாங்கியது. அந்த மூச்சும் கூடம் முழுக்கக் கேட்டது.

யாரோ ஒருவர் விசில் அடித்தார். கைதட்டல் முன்வரிசையில் கிளம்பிப் பின்னால் ஓடி, சுவரில் மோதித் திரும்பி வந்தது. டீ-ஷர்ட் போட்ட நெஞ்சுகள் குதித்தன. "என்னா பர்ஃபாமன்ஸ்! என்னா பர்ஃபாமன்ஸ் மக்களே!" என்று தொகுப்பாளர் அலறினார். ஏகாம்பரம் கண்ணாடிக்குள் உட்கார்ந்து அந்த வாய்களைப் பார்த்தார். திறந்த வாய்கள், பாப்கார்ன் ஒட்டிய பற்கள், பளபளக்கும் கண்கள். அவர்களில் சிலர் அழுதுகொண்டுகூட இருந்தார்கள். நிரஞ்சன் மேடைக்கு ஓடி வந்து கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது: "அங்கிள்! யார் எழுதிக் குடுத்தா? இதுதான் கேமோட கதை அங்கிள், இது இல்லாமதான் ரெண்டு வருஷம் முட்டிக்கிட்டு இருந்தேன்! ஆறு மணி ஷோவுக்கும் இதையே சொல்லிடுங்க, அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம!"

யாரும் சொல்லாமல் மோட்டார் ஓடியது. நாலு நிமிஷம் ஆகியிருக்கவில்லை. குழல் மேலே போயிற்று. ஏகாம்பரம் குமிழைத் தள்ளித் திறந்து, பின்பக்க ஏணியில் இறங்கி, கறுப்புத் துணி மேசைக்குப் பின்னால் வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். மேனகாவை இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்த்தார். குரலைவிட வயதான முகம். அவள் கைதட்டியிருக்கவில்லை. ஸ்விட்சுகளின் மேல் இரண்டு கையும் அப்படியே கிடந்தன.

"அந்த ஆளு பேரு இன்னா சார்?"

"வேதமாணிக்கம்."

"வூட்ல யாராவது இருக்காங்களா?"

"அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. இப்ப தெரியல."

அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவர் குடித்தார்.

"ஆறு மணிக்கு இன்னா பண்ணப் போறே? உடம்பு சரியில்லன்னு சொல்லிடட்டா?"

"வேணாம். சொல்றேன். ஆறு மணிக்கும் சொல்றேன்." அவர் நனைந்த உடுப்பை நெஞ்சிலிருந்து இரண்டு விரலால் பிடித்து விலக்கினார். "யாரும் கைதட்ட வேணாம்னு மட்டும் முன்னாடியே மைக்ல சொல்லிடு."

மேனகா கூட்டத்தைப் பார்த்தாள். கருந்தேளின் காலடியில் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"தட்டுவாங்க சார்" என்றாள்.